வேருக்கு மட்டும் டை: பவுடரா, கிரீமா, மருதாணியும் அவுரியுமா?

டை போட்டு மூன்றாவது வாரம் வந்தால் வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். காலையில் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நின்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான். மற்ற முடியெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் பிரச்சினை.

எட்டு வருடம் பவுடர் டை போட்டேன். இடையில் இரண்டு முறை மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியும் போட்டுப் பார்த்தேன். கடந்த ஒன்றரை வருடமாக கிரீம், அதுவும் பிரஷ் வைத்து வேருக்கு மட்டும். மூன்றையும் என் தலையிலேயே பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். என் ஓட்டு கிரீமுக்கு.

பார்லரை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. கை தேர்ந்தவர் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாதா மாதம் செலவும் அரை நாளும் ஒதுக்க என்னால் முடியாது. வகிட்டில் தடவிக்கொள்ளும் டச்-அப் குச்சியும் அப்படித்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்வர உதவும், தலைக்குக் குளித்தால் போய்விடும். நம் ஊர் வியர்வைக்கு நெற்றியில் வழிந்தாலும் வழியும்.

எதைப் போட்டாலும் முதல் நாள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது ஏழாவது, எட்டாவது மாதத்தில். அதற்கு ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ வளரும். என் முடி 40 செ.மீ. நீளம். அப்படியென்றால் நுனியில் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் வெளியே வந்த முடி. மாதம் ஒரு முறை முழுத்தலைக்கும் டை பூசினால் அந்த நுனி 36 முறை சாயம் வாங்கியிருக்கும். வேரில் இருப்பதோ இன்றைக்குத்தான் முதல் முறை வாங்குகிறது. ஒரே முடியில் ஒரு முனைக்கு ஒன்று, மறுமுனைக்கு முப்பத்தாறு. பிறகு எப்படிச் சீராக இருக்கும்?

நிரந்தரச் சாயம் முடிக்குள் இறங்க வேண்டுமென்றால் முடியின் மேல் செதில்கள் திறக்க வேண்டும். அதற்கு ஒரு காரப்பொருளும், நிறத்தை உருவாக்க ஓர் ஆக்சிஜனேற்றியும் வேண்டும். அமோனியா இல்லாத கிரீமிலும் அமோனியாவின் வேலையைச் செய்ய வேறொரு காரப்பொருள் இருக்கிறது. ஒரு தடவை என்றால் முடி தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே சாயம் ஏறிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினால் செதில் தேய்ந்து முடி சொரசொரப்பாகிவிடும். அப்படி ஆன முடி சாயத்தை வேகமாகக் குடிக்கும், வேகமாக விட்டும்விடும். அதனால்தான் சிலருக்கு நடுமுடி மை பூசியது போல அட்டைக்கறுப்பாகவும், நுனி வெயிலில் செம்பட்டையாகவும், வேர் மட்டும் இயல்பாகவும் இருக்கும். எனக்கு ஐந்தாவது வருடத்திலேயே அப்படித்தான் ஆனது. சீப்பு பாதியில் சிக்கிக்கொள்ளும். முடி கொட்டுகிறது என்று எண்ணெயை மாற்றிக்கொண்டே இருந்தேன். உண்மையில் வேரோடு விழுந்தது குறைவு. நடுவில் ஒடிந்து விழுந்ததுதான் அதிகம்.

ஆகவே எந்த டை நல்ல டை என்று கேட்பதற்கு முன், எந்த டையை அந்த ஒரு சென்டிமீட்டரோடு நிறுத்த முடியும் என்று கேட்க வேண்டும்.

பவுடர் டையை அங்கே நிறுத்துவது கஷ்டம். விலை குறைவு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், தண்ணீர் விட்டுக் கரைத்தால் போதும், நரையையும் நன்றாக மூடும். இத்தனை நல்ல குணம் இருந்தும் பதம்தான் கைகொடுக்கவில்லை. தோசை மாவு போலக் கரைத்தால் வேரில் நிற்காமல் ஓடிவிடும். கழுத்தில் வடியும், காது மடலில் கறை பிடிக்கும், ஓடிய இடத்திலெல்லாம் பழைய சாயத்தின் மேல் இன்னொரு பூச்சு ஏறும். கெட்டியாகக் கரைத்தால் பாதி வேலையில் கிண்ணத்திலேயே காய ஆரம்பிக்கும். காய்ந்ததை இழுத்துப் பூசினால் ஓரிடத்தில் அப்பும், பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. என் பிடரியில் எப்போதும் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளைத் திட்டு நின்றதற்கு இதுதான் காரணம். முடியைக் கிராப் வெட்டியிருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வெட்ட வெட்டப் பழைய சாயமும் போய்விடும். என் கணவர் இன்றும் பவுடர்தான் போடுகிறார், அவருக்கு அது சரியாகவே இருக்கிறது.

கிரீம் வைத்த இடத்தில் நிற்கிறது. நான் மாறியதற்கு முழுக் காரணமும் அதுதான். ஆனால் பாக்கெட்டோடு வரும் கையுறையை மாட்டிக்கொண்டு ஷாம்பு போல இரண்டு கையாலும் தேய்த்தால் கிரீமும் பவுடரும் ஒன்றுதான். கிரீம் வாங்கினால் கூடவே வால் சீப்பும், இரண்டு விரல் அகல டை பிரஷும் வாங்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. முந்தின நாள் தலைக்குக் குளித்திருப்பேன். டை போடும் நாளில் எண்ணெய் வைப்பதில்லை. நெற்றியோரம், காது, கழுத்து மூன்றிலும் வாசலின் தடவிக்கொள்வேன், அது முடியில் படாமல். டியூபில் உள்ளதையும் டெவலப்பரையும் அட்டையில் சொன்ன விகிதத்திலேயே பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்க வேண்டும். டெவலப்பரில் இருப்பது பெராக்சைடு, மேலே சொன்ன ஆக்சிஜனேற்றி அதுதான், அதனால் உலோகக் கிண்ணம் வேண்டாம். வேருக்கு மட்டும் என்பதால் பாதி டியூப் போதும். கலக்காத மீதியை மூடி வைத்து அடுத்த மாதம் எடுக்கலாம். கலந்ததை வைக்க முடியாது.

முடியை நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒன்று, காதிலிருந்து காதுக்கு ஒன்று என்று வகிடு எடுத்து நான்காகப் பிரித்து கிளிப் போடுவேன். முதலில் காதோரமும் நெற்றியோரமும். அங்கேதான் நரை அதிகம், அந்த முடி தடித்து விறைப்பாகவும் இருக்கும், சாயம் பிடிக்க நேரம் எடுக்கும். அப்புறம் உச்சி, கடைசியில் பிடரி. ஒவ்வொரு பாகத்திலும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் மெல்லிய வகிடாக எடுத்து, வேரில் பிரஷை வைத்து, பழைய சாயம் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கிரீமுக்கு அடியில் வெள்ளை தெரியக் கூடாது, அவ்வளவு தாராளமாக வைக்க வேண்டும். சிக்கனம் பார்த்த இடத்தில்தான் திட்டு விழும்.

நான்கு பாகமும் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் திட்டு முழுதாக நின்றது. முதலில் நேர்வகிடாக எடுத்த இடங்களில் இப்போது குறுக்கு வகிடு எடுத்துப் பார்க்க வேண்டும். நேர்வகிட்டில் மறைந்திருந்த வெள்ளையெல்லாம் குறுக்கு வகிட்டில் வெளியே வரும். பிடரிக்கு இரண்டு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். என் மகள் வீட்டில் இருந்தால், "அம்மா, இந்த ஓரத்துல இன்னும் நாலு முடி இருக்கு" என்று அவளே பிரஷை வாங்கிக்கொள்வாள்.

அட்டையில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால், பூசி முடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் பூசிக்கொண்டிருக்கவும் கூடாது, இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். கழுவுவதற்கு முன் கையை நனைத்து, வேரில் உள்ள கிரீமை விரல் நுனியால் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடுவேன். புதுச் சாயமும் பழைய சாயமும் சேரும் இடத்தில் கோடு விழாமல் கலந்துவிடும், தோலில் பட்ட கறையும் இளகிவரும். நுனி ரொம்ப வெளிறியிருந்தால் மட்டும் அந்தக் கடைசி நிமிடங்களில் கொஞ்சம் கீழே இழுத்துவிடலாம். நான் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அப்படிச் செய்வதில்லை.

நிறத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிகளில் பொதுவாக 1 என்பது கறுப்பு, 3 அடர் பழுப்பு, 4 பழுப்பு. நான் 1-ஐ விட்டு 3-க்கு வந்தேன். நிழலில் கறுப்பாகவே தெரிகிறது. புது நரை வளரும்போது அட்டைக்கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை உறுத்துவது போல இதில் உறுத்தவில்லை. முன்பு மூன்றாவது வாரமே பொறுக்க முடியாது, இப்போது ஐந்து வாரம் ஓடுகிறது.

இனி கிரீம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள். நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி என்கிற பாரா-பினைலின்டையமின் இருக்கும். சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமை தரும். தலை அரிக்கும், நெற்றி வீங்கும், கண் இமை திறக்க முடியாத அளவுக்குப் போகும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாளும் வரலாம். என் அண்ணிக்கு அப்படித்தான் வந்தது. அதனால் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும். "அமோனியா இல்லை" என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தமாகாது. "கறுப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட்டிலும் அது இருக்கலாம், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை வீங்கியவர்கள் சோதனைக்குக்கூட மறுபடி தொடக் கூடாது. அவர்களுக்குக் கிரீமும் பவுடரும் ஒன்றுதான்.

அண்ணி இப்போது மருதாணி, அவுரிக்கு மாறிவிட்டார். மருதாணியில் உள்ள லாசோன் என்கிற சாயப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். செதிலைத் திறக்கும் வேலையே இல்லாததால், பழைய முடியில் மறுபடி பட்டாலும் நிறம் அடர்த்தியாகுமே தவிர முடி பாழாகாது. நான் மேலே போட்ட கணக்கு இங்கே அவ்வளவாகப் பயமுறுத்தாது. இதற்காகவே இதற்கு இரண்டாமிடம் கொடுக்கிறேன்.

ஆனால் வேலை அதிகம். தேயிலை டிகாக்‌ஷனில் இரவே கரைத்த மருதாணியை வேரில் அப்பி இரண்டு மணி நேரம் வைத்து அலச வேண்டும். அதோடு நிறுத்தினால் நரை செம்பட்டையாக நிற்கும். அதன்மேல் அவுரி. அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடும், அப்புறம் வீரியம் குறைந்துகொண்டே போகும். நிதானமாக அரை சென்டிமீட்டர் வகிடு எடுக்க அது நேரம் கொடுக்காது. இன்னும் ஒரு மணி நேரம் வைத்து, ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். முதல் நாள் கொஞ்சம் பச்சை கலந்தாற்போல் தெரியும். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் நீலம் முற்றி, மருதாணிச் சிவப்போடு சேர்ந்து கறுப்புக்கு வரும்.

மருதாணிக்கு ராஜஸ்தானின் சோஜத் பெயர் பெற்றது, அவுரி நம் திண்டிவனம் பக்கமே விளைகிறது. நல்ல பொடி கிடைப்பது கஷ்டமில்லை. எனக்கு இரண்டு முறையும் உச்சி நன்றாக வந்தது, காதோர நரை மட்டும் செம்பழுப்பாகவே நின்றது. பொடியில் குறையா, என் கை மெதுவா என்று இரண்டு முறையை வைத்துச் சொல்வது நியாயமில்லை. அண்ணிக்குக் காதோரமும் நன்றாகவே ஏறுகிறது. அவர் உச்சியைக் கடைசிக்கு விட்டு, அவுரியைக் கரைத்த உடனே காதோரத்தில் ஆரம்பிக்கிறார். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் சீயக்காய் போட்டு அலசிய பிறகே மருதாணியைத் தொடுகிறார். நானோ இரண்டு முறையும் லேசாக எண்ணெய் வைத்த தலையில்தான் போட்டேன்.