காரணம் சொல்லத் தேவையில்லை: ஆர்.டி.ஐ. விண்ணப்பம், ஒரு பாவனையாளரின் விமர்சனம்

மாமி பின்னேரத்தில் வீட்டுப் படலைக்கு வெளியே அப்பம் சுட்டு விற்கிறவர். இரண்டு அடுப்பு, ஒரு மேசை, ஒரு சட்டி கட்டைச்சம்பல், கடை அவ்வளவுதான். போன மார்கழியில் ஓர் அலுவலகத்திலிருந்து (பெயர் வேண்டாம், திருகோணமலை சின்ன ஊர், நாளைக்கும் நான் அந்தப் படி ஏற வேண்டும்) ஒருவர் வந்து, அனுமதி இல்லாமல் விற்க முடியாது, 3,500 ரூபாய் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரு கிழமைக்குள் அடுப்பைத் தூக்குங்கள் என்றார். கடிதம் ஒன்றும் இல்லை. எந்தச் சட்டம் என்று மாமி கேட்டதற்கு "சட்டம்தான் அம்மா" என்று பதில். மாமி காசு புரட்ட ஓடினார், நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கேட்டது இரண்டே விஷயம்: எந்த உபவிதியின்படி இந்த உத்தரவு, அதன் பிரதி ஒன்று. கட்டணம் தீர்மானிக்கப்பட்ட ஆவணத்தின் பிரதி ஒன்று.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2015இல் வந்த 19ஆவது திருத்தம் இந்த உரிமையை இலங்கை அரசியலமைப்பில் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது, அடுத்த வருடம் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2017 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பம் போடலாம். சுவீடன்காரர்கள் இதே மாதிரி ஒன்றை 1766இலேயே செய்துவிட்டார்கள். நமக்கு 250 வருடம் பிந்தி வந்தது, சரி, வந்ததே பெரிசு. படிவம் ஒன்று இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை, சாதாரணக் கடிதமே போதும்.

கொடுக்கப் போன அன்று கவுண்டரில் இருந்த தம்பி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "இது உங்களுக்கு ஏன் தம்பி?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். மாமி, அப்பம், வந்தவர், எல்லாவற்றையும் ஒப்புவிக்கத் தயார். அது நம்முடைய பழக்கம். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டுக்கு என்று கேட்டால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே பதில் சொல்கிற பழக்கம் எலும்புக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடிகள் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் சட்டத்தின் 24ஆம் பிரிவு, விண்ணப்பிக்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்புகொள்ளத் தேவையான விபரம் மட்டும் போதும் என்கிறது. அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் குரல் நடுங்கத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உண்மையில் அவருக்கே அது புதிதாக இருந்தது போல. இரும்பு அலுமாரியைத் திறந்து ஒரு படிவம் தேடி எடுத்து, மை காய்ந்த முத்திரையில் இரண்டு தரம் வாயால் ஊதி, அழுத்திக் குத்தி, கிடைத்ததற்கான சீட்டைத் தந்தார். பாதி எழுத்துத்தான் பதிந்திருந்தது. திகதி தெரிந்தது, எனக்கு அது போதும்.

இந்தச் சேவையில் எனக்குப் பிடித்தது இந்தத் தலைகீழ்தான். நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தர மறுத்தால் அவர்கள்தான் எந்த விதிவிலக்கின் கீழ் மறுக்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போனாலும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அலுவலகத்தின் தலையில். மாமி அடுப்பு மூட்டுவதற்குச் சட்டம் காட்ட வேண்டியதில்லை, அதை அணைக்கச் சொல்கிறவர்தான் காட்ட வேண்டும். இதை நான் எத்தனையோ தரம் தேத்தண்ணிக் கடையில் வாய்கிழியப் பேசியிருக்கிறேன், கையில் பிடித்தது இதுதான் முதல் தரம்.

இனி குறைகள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முடிவு சொல்ல 14 வேலை நாள், கவனியுங்கள், வேலை நாள். நான் தை மாதம் கொடுத்தேன், இடையில் பொங்கல், போயா, சனி ஞாயிறு எல்லாம் கழிந்து போக மூன்று கிழமைக்கு மேல் ஆயிற்று, ஒரு சத்தமும் இல்லை. அதே அலுவலகத்தில் முதல் மேன்முறையீட்டைப் பார்க்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதிப் பதிவுத்தபாலில் போட்டேன், ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இதற்கிடையில் மாமிக்கு ஒரே பயம், "பேர் எழுதிக் கொடுத்துட்டியே, பிறகு பிரச்சினை வராதா?" என்று தினமும் கேட்டார். பிரச்சினை வரவில்லை, அந்த ஒரு கிழமைக் கெடுவைப் பற்றியும் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மாமி தனியாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டார், 3,500 ரூபாயைக் கொடுத்திருப்பார். அதற்கு இந்தச் சேவையிடம் மருந்து இல்லை.

பதில் இரண்டு பக்கம். அனுமதி தேவைதான், அது உண்மை. கட்டணம் 1,000 ரூபாய். மிச்சம் 2,500 எங்கே போக இருந்தது என்று நான் கேட்கவில்லை, அது அவர்களிடம் இருக்கிற தகவலாக எனக்குப் படவில்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தார், மாச்சட்டியை மூடி வைக்கச் சொன்னார், மாமி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாப்பிடுகிறவன் வயிறு கெடக்கூடாது என்பது அவருக்கும் விளங்கும் நியாயம். அரசாங்கமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வந்து நிற்கிறவர் ஏன் வந்தார் என்று சொன்னால் சரி.

5க்கு மூன்றரை தருவேன். ஒன்றைத் தாமதத்துக்காகக் கழித்தேன், அரையை, எந்தக் காரணங்களுக்காகத் தகவலை மறுக்கலாம் என்று சொல்கிற ஐந்தாம் பிரிவுக்காக. தேசிய பாதுகாப்பு என்ற கதவு அங்கே இருக்கிறது, துறைமுகத்தைச் சுற்றிக் காணி பற்றிக் கேட்கப் போகிறவர்கள் அதில் முட்டக்கூடும். பொதுநலன் பெரிதென்றால் அதையும் தாண்டித் தர வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது, அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

விலை: 2017 கட்டண விதிகளின்படி போட்டோ கொப்பி நான்கு பக்கம் வரை இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கம் 2 ரூபாய். எனக்குச் செலவு பதிவுத்தபாலுக்கு மட்டும். அடுத்தது எங்கள் ஒழுங்கையின் வடிகான் மதிப்பீடு, கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தரம் முத்திரைக்கு மை ஊற்றியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.