எக்ஸாஸ்ட் ஆவியில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்குதல்: உமி பாய்லர், சிறிய ஸ்டீம் எஞ்சின், நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

எஞ்சின் வெளியே தள்ளும் ஆவியைக் கொண்டு பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கினால் உமி மிச்சமாகும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். மிச்சமாவது உண்மைதான். ஆனால் பல பருவம் ஓட்டியவர்கள் ஹீட்டரைக் கழற்றாமல் வைத்திருப்பது பிரஷர் விழாமல் நிற்பதற்காகவும், டியூப் முனைகள் கசியாமல் இருப்பதற்காகவும். கழற்றிப் போட்டவர்களிடம் கேட்டால் அநேகமாக ஒரே காரணம்தான் வரும்: எண்ணெய்.

சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் புழுங்கல் அரிசி மில்லில் உமி பாய்லரோடு ஸ்டீம் எஞ்சினும் வைத்திருப்பவர்களையும் வைக்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறோம். கணக்குக்கு எடுத்துக்கொண்டது 20 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பாய்லர் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ, எக்ஸாஸ்ட் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் கிடையாது. இப்படிப்பட்ட எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 18 கிலோ ஆவியாவது குடிக்கும். ஆக எஞ்சினுக்கு 360 கிலோ. சில்லறைச் செலவும் சேர்த்துப் பாய்லருக்கு மணிக்கு 400 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 30 டிகிரித் தண்ணீரை 7 கிலோ பிரஷரில் ஆவியாக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 631 கிலோகலோரி வேண்டும். அதே தண்ணீர் 92 டிகிரியில் உள்ளே போனால் 569 போதும். பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 6 டிகிரி ஏறினால் 1 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று பாய்லர்காரர்கள் சொல்லும் வாய்க்கணக்கும் இதையேதான் காட்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் 13, 14 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே தண்ணீர் 10 டிகிரியில் கிளம்புகிறது. மதுரையில் போர்த் தண்ணீரே 30 டிகிரிக்குப் பக்கம். சித்திரை வெயிலில் மேல்தொட்டித் தண்ணீர் அதையும் தாண்டும். உமிக்குக் கிலோவுக்கு 3100 கிலோகலோரி, பாய்லர் திறன் 60 சதவீதம் என்று எடுத்தால் மணிக்கு 135 கிலோ உமி எரிக்கிற இடத்தில் 122 கிலோ போதும். சொந்த மில் உமி என்றால் இது பெரிய காசாகத் தெரியாது. உமியை விற்கிறவர்களுக்கும் வெளியே வாங்குகிறவர்களுக்கும்தான் உறைக்கும்.

பிரஷர் விஷயம் வேறு கதை. வழக்கமான ஏற்பாட்டில் பீட் பம்பு (பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் பம்பு) ஆட்டோமேட்டிக்கில் நிற்கும். பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும். பம்பு மணிக்கு 1500 லிட்டர் தள்ளும் திறன் என்றால், ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் உள்ளே போகிறது. அதை 170 டிகிரிக்குக் கொண்டுவரவே நிமிடத்துக்கு 3500 கிலோகலோரி வேண்டும். அடுப்பு கொடுப்பதே 4200தான். ஆவியாக்க மிஞ்சுவது 700. பம்பு ஓடும்போதெல்லாம் பிரஷர் முள் இறங்குவதும், எஞ்சின் திணறுவதும், பயர்மேன் உமியை அள்ளிக் கொட்டிக் கரும்புகை கிளப்புவதும் இதனால்தான். 92 டிகிரித் தண்ணீரை விடாமல் சிறுகச் சிறுக விட்டால் நிமிடத்துக்கு 520 கிலோகலோரியோடு காரியம் முடிந்துவிடும். பச்சைத் தண்ணீர் விழுந்து டியூப் முனை சுருங்கி, டியூப் பிளேட்டில் விரித்து இறுக்கிய பிடி தளர்ந்து கசிவதும் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டின் முக்கிய லாபம் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே ஆட்டோமேட்டிக் ஆன்-ஆஃப் பம்பை அப்படியே வைத்துக்கொண்டு ஹீட்டரை மாட்டினால் பாதிப் பலன்கூட வராது. 400 லிட்டருக்கு அளவெடுத்த ஹீட்டரில் 1500 லிட்டர் பாய்ந்தால் தண்ணீர் 65, 70 டிகிரியோடு போய்விடும். பம்பு நிற்கும் நேரத்தில் ஹீட்டர் டியூபில் தேங்கிய தண்ணீர் 100 டிகிரி ஆனதும் மேற்கொண்டு எதையும் வாங்காது. "ஹீட்டர் போட்டோம், சூடே ஏறவில்லை" என்று சொல்லும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது பம்பைத்தான். ஸ்ட்ரோக்கைக் குறைத்து வைக்கக்கூடிய பிளஞ்சர் பம்பு நல்லது. இல்லையென்றால், பம்புக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு டீ போட்டு, வால்வு வழியாக உபரியைத் தொட்டிக்கே திருப்பி, எந்நேரமும் சன்னமாக ஓட விடுங்கள்.

இஞ்செக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1858-ல் ஜிஃபார்ட் கண்டுபிடித்த இந்தச் சாதனம் பாய்லர் ஆவியைக் கொண்டே தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளும்போதே தண்ணீரை நன்றாகச் சூடாக்கியும் விடுகிறது. அதற்குப் பின்னால் எக்ஸாஸ்ட் ஹீட்டர் வைத்தால் ஏற்றுவதற்குச் சொற்பமே பாக்கி இருக்கும். முன்னால் வைத்தால் சுடுதண்ணீர் வந்ததும் இஞ்செக்டர் பிடிக்காது. சாதாரண வகைகள் 50 டிகிரியை ஒட்டியே தகராறு செய்யும். ஹீட்டருக்குப் பம்புதான். இஞ்செக்டரைப் பச்சைத் தண்ணீர் லைனில் தனியாக, கரண்ட் போனால் உதவ, வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹீட்டரின் வகை. திறந்த வகையில் ஆவி நேரே தண்ணீரில் கலக்கும். மூடிய வகையில் டியூபுக்குள் தண்ணீர், வெளியே ஆவி.

திறந்த வகை மலிவு. ஒரு தொட்டி, உள்ளே கழற்றி எடுக்கும் தட்டுகள், மேலே தண்ணீர் தூவல், பக்கத்தில் ஆவி நுழைவு, உச்சியில் காற்று வெளியேற வென்ட். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் பெரும்பகுதி வென்ட் வழியே போய்விடும். உப்பு தட்டிலேயே படிந்துவிடும். தட்டை எடுத்துத் தட்டிக் கழுவினால் முடிந்தது. கலந்த ஆவி தண்ணீராகிச் சேர்வதால் பச்சைத் தண்ணீரும் பத்தில் ஒரு பங்கு குறையும். இத்தனை நல்லது இருந்தும் இரண்டு சிக்கல். சிலிண்டர் ஆயில் நேரே பாய்லருக்குள் போகிறது, இது ஒன்று. 95 டிகிரித் தண்ணீரை எந்தப் பம்பும் உறிஞ்சாது என்பது மற்றொன்று. அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவியழுத்தமே 0.85 பார், பம்பு லேசாக இழுத்தாலும் உறிஞ்சுகுழாயிலேயே கொதித்துவிடும். தொட்டியின் அடிமட்டம் பம்பைவிட 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் வால்வு உப்பிப்போகும். வெண்கல வால்வு, கிராபைட் பேக்கிங் போடுங்கள்.

மூடிய வகையை பம்புக்குப் பின்னால் வைப்பதால் பம்பு பச்சைத் தண்ணீரையே பார்க்கும். மேலே சொன்ன 400 லிட்டருக்கு 2.5 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 19 மில்லிமீட்டர் டியூப், 1.5 மீட்டர் நீளத்தில் 28 போட்டால் சரியாக வரும். தண்ணீர் ஹீட்டரின் நீளத்தை நான்கு முறை கடக்கும்படி நான்கு பாஸாக, பாஸுக்கு ஏழு டியூப் என்று பிரியுங்கள். ஒரே பாஸாக விட்டால் தண்ணீர் நகர்வதே தெரியாது, சூடும் வாங்காது. டியூபுகளைச் சுற்றிய வெளிக்கூடான ஷெல் 8 அங்குலம் என்றால் இது நெரிசலாகும். 10 அங்குலக் குழாய் எடுங்கள். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் பேப்ரிகேஷன் பட்டறைகளில் செய்யக்கூடிய வேலைதான். இரண்டு பக்க மூடியும் ஃபிளேஞ்சில் கழன்று வர வேண்டும். வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். டியூப் பக்கம் பாய்லர் பிரஷர் நிற்பதால் ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை) விதிகள் பேசும். 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய கொதிகலன்கள் சட்டம் வந்துவிட்டது. வரைபடத்தோடு கொதிகலன் ஆய்வாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். செய்த பிறகு போனால் இரட்டைச் செலவு.

மூடிய வகையிலும் ஆவியைக் கொண்டுவரும் முறை இரண்டு. எக்ஸாஸ்ட் முழுவதையும் ஹீட்டர் வழியே விடலாம், அல்லது பிரதான குழாயிலிருந்து ஒரு கிளை மட்டும் எடுக்கலாம். 400 லிட்டரைச் சூடாக்கத் தேவையான ஆவி மணிக்கு 46 கிலோதான். 360 கிலோவில் எட்டில் ஒரு பங்கு. மீதி எப்படியும் சும்மா கடந்து போகப்போவதுதான். அதை ஏன் டியூப் நடுவில் நெருக்கித் தள்ள வேண்டும்? 2 அங்குலக் கிளை போதும். உள்ளே ஆவி தண்ணீராகச் சுருங்கச் சுருங்கப் புதிது தானே வந்து நிரம்பும். எண்ணெயும் குறைவாகவே வரும். ஆனால் கிளை முறையில் காற்று தேங்கும். ஷெல்லின் கடைக்கோடியில், ஆவி நுழைவுக்கு எதிர்முனையில், கால் அங்குல வென்ட் எப்போதும் மெல்லியதாகப் புகைந்துகொண்டே இருக்க வேண்டும். பயர்மேன் ஆவி வீணாகிறதென்று அதை அடைத்துவிடுவார்; அன்றைக்கே சூடு இறங்கும்.

பிரதான எக்ஸாஸ்ட் குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேல் சராசரி அழுத்தம் 3 கிலோ என்றால், எதிரழுத்தம் 0.1 கிலோ கூடினாலே திறனில் 3 சதவீதம் போய்விடும். ஹீட்டர் தரும் பத்தில் மூன்றை அதுவே தின்றுவிடும். எக்ஸாஸ்டில் எஞ்சின் பக்கம் ஒரு சின்ன கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. பிரதான குழாயில் எங்கேயும் அடைக்கும் வால்வு வைக்காதீர்கள். வால்வு கிளையில் மட்டும் இருக்கட்டும். புகைபோக்கியில் எக்ஸாஸ்ட் ஊதித்தான் அடுப்புக்குக் காற்று இழுக்கிறது என்ற அமைப்பிலும் எட்டில் ஒரு பங்கு எடுப்பதால் இழுவை பெரிதாகக் குறையாது.

இப்போது எண்ணெய். சிலிண்டர் ஆயில் ஆவியோடு சன்னத் துளியாக வெளியே வருகிறது. பாய்லருக்குள் போனால் மிதந்துகொண்டு சும்மா இருக்காது. உப்புத் துகளோடு ஒட்டி கனத்து இறங்கி டியூப் மேல் சவ்வாகப் படியும். காகிதக் கனம்கூட இல்லாத அந்தப் படலம் சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் மறிக்கும். இரும்பு பழுத்து உப்பும். கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்தில் பழுப்பு வளையம், மட்டம் துள்ளுவது, ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து அடிப்பது ஆகியவை முன் அறிகுறிகள். கண்டதும் தீயைக் குறைத்து நிறுத்துங்கள். 1000 லிட்டருக்குச் சலவைச் சோடாவும் டிரைசோடியம் பாஸ்பேட்டும் தலா 3 முதல் 5 கிலோ கரைத்து, குறைந்த பிரஷரில் ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, இடையிடையே ப்ளோ டவுன் செய்து (அடி வால்வைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றி), ஆறியபின் திறந்து கழுவ வேண்டும்.

வராமல் தடுக்க, கிளைக்கு முன்னால் எண்ணெய் பிரிப்பான். குழாயைப் போல மூன்று மடங்கு விட்டமுள்ள உருளை, உள்ளே ஆவி மோதித் திரும்பும் இரண்டு மூன்று தகடுகள், அடியில் வடிகால். வடிகாலுக்கு ஸ்டீம் டிராப் (ஆவியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் தானியங்கி வால்வு) வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள U குழாய் போதும், 0.15 கிலோ அழுத்தம் வரை தண்ணீரே அடைத்து நிற்கும். மாட்டுக்கொழுப்புச் சேர்த்த சிலிண்டர் ஆயில் ஈர ஆவியில் நன்றாக ஒட்டும், ஆனால் தண்ணீரோடு பால் போலக் கலந்து பிரியவே பிரியாது. திறந்த ஹீட்டர் வைத்திருந்தால் கலப்பில்லாத மினரல் ஆயிலுக்கு மாறி, லூப்ரிகேட்டரில் சொட்டுக் கணக்கையும் இறுக்குங்கள். அதோடு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே வடிகட்டியும் தேவை. பழைய கப்பல்களில் இதற்குக் கரிக்கோக்கும் பீர்க்கங்காய் நாரும்தான் அடைத்தார்கள். நமக்குக் கூடு காய்ந்த பீர்க்கங்காய்க்குப் பஞ்சமில்லை. கறுத்ததும் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள்.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சூடம் போதும். நன்றாகக் கழுவிய கிண்ணத்தில் ஹீட்டர் தண்ணீரை ஆறவைத்து, சுத்தமான சூடத்தைக் கத்தியால் சுரண்டி ஒரு துணுக்கு போடுங்கள். விரல் படக் கூடாது, விரல் எண்ணெயே சோதனையைக் கெடுத்துவிடும். தண்ணீர் சுத்தமென்றால் துணுக்கு சுழன்று ஓடும். எண்ணெய் இருந்தால் அசையாமல் கிடக்கும். ராலே பிரபு 1890-ல் அளந்தபோது, மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறு லட்சத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலமே அந்த ஓட்டத்தை நிறுத்தப் போதுமென்று தெரிந்தது. இதைவிட மலிவான கருவி கிடைக்காது.

மூடிய வகையில் எண்ணெய்ப் பயம் இல்லை, வடியும் தண்ணீரை வெளியே விட்டுவிடலாம். அங்கே தொல்லை உப்பு. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரைச் சுடவைத்தால் டியூபுக்குள்ளேயே படியும். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் இந்த வகை வேண்டாம். நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வைத்துத் தினம் ஒரு முறை குறியுங்கள். ஓட்டம் மாறாமல் 92 என்பது 80-க்கு இறங்கினால் வென்ட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் டியூபில் உப்புதான். சல்ஃபாமிக் அமிலம் 5 சதவீதக் கரைசல், 50 டிகிரிச் சூட்டில் சுற்றவிட்டால் கரையும். ஷெல் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கை அமிலம் தொடாது, அதற்குச் சோடாக் கரைசல். ஆக்சிஜன் வெளியேற வழியில்லாததால் பாய்லரில் தண்ணீர் நுழையும் இடத்தில் குழி விழும். 1000 லிட்டருக்கு 60 கிராம் சோடியம் சல்ஃபைட் ஆக்சிஜனுக்கே செலவாகும். கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

இரண்டில் எது என்றால், சாஃப்ட்னர் வைத்திருக்கும் மில்லுக்கு மூடிய வகை, கிளை முறையில். சாஃப்ட்னரும் இல்லை, ஐபிஆர் அலைச்சலும் வேண்டாம் என்பவர்கள் திறந்த தொட்டிக்குப் போகலாம், ஆனால் நாரையும் சூடத்தையும் தினசரி வேலையாக வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும்.

மிஞ்சும் எட்டில் ஏழு பங்கு ஆவியை என்ன செய்வது என்பது அடுத்து வரும் கேள்வி. நெல் ஊறல் தொட்டிக்கு 65, 70 டிகிரித் தண்ணீர் எப்படியும் தேவை. காயில் வழியாக எக்ஸாஸ்ட்டை விட்டு அதைச் சூடாக்கலாம். நேரே ஊதக் கூடாது. அவிக்கும் ஆவிக்கு எக்ஸாஸ்ட்டைத் திருப்பவே கூடாது. அரிசியில் ஆயில் வாடை ஏறினால் அந்தச் சரக்கு விலைபோகாது. அவியலுக்குப் பாய்லரிலிருந்து நேரே வரும் ஆவி, தனிக் குழாயில்.