கோடைச் சாலைப் பயணமும் ரூம் புக்கிங் ஆப்களும்: எதை எப்போது நம்பலாம்

ரூம் புக்கிங் ஆப் எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த ஊர், எந்தத் தேதி. விமானத்தில் போய் ஒரே ஊரில் நான்கு நாள் தங்குகிறவருக்கு அது போதும். காரில் கிளம்புகிறவருக்கு இந்த இரண்டுக்கும் விடை கடைசியில்தான் தெரியும். எந்தத் திசையில் போகிறோம், எத்தனை மணிக்கு ஓட்டி அலுத்துப்போகும் என்பதுதான் அவருடைய கணக்கு. புக்கிங் டாட் காம், ஏர்பிஎன்பி, ஹோட்டல் டுநைட், கூகுள் மேப்ஸ் ஆகிய நான்கும் இந்தக் கணக்குக்கு எவ்வளவு ஒத்துவருகின்றன என்று மட்டும் இங்கே பார்க்கிறோம்.

எந்த ஆப்பைத் திறப்பதற்கும் முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லா இரவுகளையும் முன்பதிவு செய்துவிட்டால், வழியில் ஒரு நாள் தாமதமானாலும் பின்னால் இருக்கிற பதிவுகள் வரிசையாகச் சரியும். ஒன்றுமே செய்யாமல் போனால் மாலை நேரம் முழுக்க போனும் கையுமாகக் கழியும். சில இரவுகளை மட்டும் கட்டிப்போடுவதே நல்லது: முதல் இரவு, வார இறுதி இரவுகள் (அதிலும் சனிக்கிழமை), பொது விடுமுறையை ஒட்டிய இரவு, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவு. தேசியப் பூங்கா, சின்னத் தீவு, மலைப்பாதை ஊர் என்று தங்குமிடம் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிற இடங்களுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு வேண்டும். மற்ற இரவுகளை அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வார இறுதிக்கு வந்தவர்கள் ஞாயிறு பகலில் கிளம்பிவிடுவதால், ஞாயிறு இரவுக்கு ரூம் கிடைப்பதுதான் வாரத்திலேயே சுலபம்.

இந்தக் கட்டிப்போடும் வேலைக்கு புக்கிங் டாட் காம் பொருத்தமானது. 1996-ல் நெதர்லாந்தில் தொடங்கிய தளம் இது. பெரிய ஹோட்டல்களோடு நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன விடுதிகளும் இதில் நிறைய இருப்பது சாலைப் பயணிக்குப் பெரிய அனுகூலம். ‘இலவச ரத்து’ என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடினால் பயணத்துக்கு ஒரு பாதுகாப்பு வலை கிடைத்துவிடும். ஆனால் அந்த வரியை முழுசாகப் படிக்க வேண்டும். ஒரே ரூமுக்கு அடுத்தடுத்து இரண்டு விலை இருக்கும். குறைந்த விலை பெரும்பாலும் பணம் திரும்பாத வகை. கொஞ்சம் கூடுதலான விலைதான் ரத்து செய்யக்கூடியது. தேடல் முடிவில் கண்ணில் முதலில் படுவது குறைந்த விலை என்பதால், அவசரத்தில் அதையே அழுத்திவிடுகிறோம்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். ‘ஆகஸ்ட் 14, இரவு 11:59 வரை இலவச ரத்து’ என்று இருந்தால், அந்த 11:59 விடுதி இருக்கும் ஊரின் நேரம். நேர மண்டலம் தாண்டிப் போகிற பயணத்தில் இது ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போகும். ‘இலவச ரத்து’ வேறு, ‘முன்பணம் தேவையில்லை’ வேறு. முதலாவது மட்டும் இருந்தால் கார்டிலிருந்து பணம் இப்போதே எடுக்கப்படலாம். ரத்து செய்தபின் திரும்பி வர நாள்கள் ஆகும், வெளிநாட்டு நாணயமாக இருந்தால் மாற்று விகிதத்தில் கொஞ்சம் குறைந்தும் வரலாம். ஆகவே இரண்டு வரிகளும் சேர்ந்திருக்கிற ரூமையே எடுங்கள். எடுத்த கையோடு, கெடு முடிவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் ஒலிக்கும்படி போனில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். இலவச ரத்து வசதியை வீணாக்குகிறவர்களில் பெரும்பாலோர் கெடுவை மறந்தவர்கள்தான்.

இந்தக் கெடு இன்னொரு வகையிலும் உதவும். நிறையப் பேர் கடைசி நாள் வரை வைத்திருந்து ரத்து செய்வதால், நிரம்பிவிட்டதாகக் காட்டுகிற ஊர்களில் தங்கும் நாளுக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னால் ரூம்கள் திரும்ப வெளியே வரும். நேற்று ‘காலி இல்லை’ என்று பார்த்த இடத்தை இன்றும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அதே காரணத்துக்காக ஒரு வேண்டுகோளும் உண்டு: ஒரே இரவுக்கு இரண்டு ஊர்களில் ரூம் பிடித்து வைக்காதீர்கள். ஆறு ரூம் வைத்து நடத்துகிறவருக்கு, கடைசி நேரத்தில் ரத்தாகும் ஒரு ரூம் அன்றைய வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. மனம் மாறிய நிமிடமே ரத்து செய்துவிட்டால் அந்த ரூம் இன்னொரு பயணிக்குப் போய்ச் சேரும்.

பதிவு உறுதியானதும் வரும் பதிவு எண்ணையும் நான்கு இலக்க பின் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் திறக்காமல் போகலாம். ஒரு மோசடியைப் பற்றியும் தெரிந்துகொள்வது அவசியம். விடுதியின் கணக்கைத் திருட்டுத்தனமாகக் கைப்பற்றியவர்கள் விடுதி பெயரிலேயே, ஆப்பின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே, ‘கார்டை மீண்டும் சரிபார்க்கவும், இல்லையென்றால் பதிவு ரத்தாகும்’ என்று லிங்க் அனுப்புவார்கள். உங்கள் பெயர், தேதி எல்லாம் அதில் சரியாக இருக்கும் என்பதால் நம்பிவிடத் தோன்றும். லிங்கைத் தொடாமல், விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஏர்பிஎன்பி சாலைப் பயணத்துக்கு அரைப் பொருத்தம்தான். 2008-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் வீடுகள் அருமையாக இருக்கும். சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், குழந்தைகளுக்கு இடம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு இரவுக்கு எடுக்கும்போதுதான் இடிக்கிறது. சுத்தம் செய்யும் கட்டணம் இரவுக்கு இவ்வளவு என்று இல்லாமல் தங்கலுக்கு ஒருமுறை வருவது. மூன்று இரவு தங்கினால் அது மூன்றாகப் பிரியும். ஒரு இரவு என்றால் மொத்தமும் அந்த இரவின் தலையில்தான். விலையை ஒப்பிடும்போது கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை மட்டும் பாருங்கள். கோடையில் பல வீட்டுக்காரர்கள் குறைந்தது இரண்டு, மூன்று இரவு என்று வைத்துவிடுவதால் ஒற்றை இரவுத் தேடலில் நல்ல வீடுகள் கண்ணிலேயே படாது.

போகிற போக்கில் எடுப்பதானால் ‘உடனடிப் பதிவு’ வடிகட்டியைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாத வீட்டுக்கு நீங்கள் அனுப்புவது வெறும் கோரிக்கை. பதில் சொல்ல வீட்டுக்காரருக்கு 24 மணி நேரம் உண்டு. மாலை ஐந்து மணிக்கு ரூம் தேடுகிறவருக்கு அது எந்த உதவியும் இல்லை. நாமே சாவிப் பெட்டியைத் திறந்து உள்ளே போகும் ‘செல்ஃப் செக்-இன்’ வடிகட்டியையும் சேர்த்துப் போட்டால் தாமதமாகப் போய்ச் சேர்வதைப் பற்றிய கவலை இல்லை. சரியான முகவரி பதிவுக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை வரைபடத்தில் தோராயமான ஒரு வட்டம்தான். ஆற்றுக்கு எந்தக் கரை, கடைசிப் பாதை தாரா மண்ணா என்பதை விமர்சனங்களில் தேடிப் பார்த்துவிடுங்கள். ஃபிளெக்ஸிபிள் என்ற ரத்து விதியில் செக்-இன்னுக்கு 24 மணி நேரம் முன்பு வரை முழுப் பணம் திரும்பும். மாடரேட் என்றால் ஐந்து நாள் முன்பு. அன்றைக்கே எடுக்கிற வீட்டுக்கு இந்தக் கெடு ஏற்கெனவே கடந்திருக்கும். ஆகவே மூன்று இரவுக்கு மேல் நிற்கிற ஊருக்கு மட்டும் ஏர்பிஎன்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் டுநைட் அன்றைய இரவு விற்காமல் இருக்கிற ரூம்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஆப். 2019-ல் ஏர்பிஎன்பி அதை வாங்கியது. பெரிய நகரத்தில், வேலை நாளில், மாலை நான்கு மணிக்கு நன்றாகவே உதவும். நகரத்தை விட்டு வெளியே வந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். இங்கே எடுக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை பணம் திரும்பாதவை. போய்ச் சேர்வது நிச்சயம் என்றால் மட்டும் அழுத்துங்கள்.

திசையையும் நேரத்தையும் உண்மையிலேயே புரிந்துகொள்வது கூகுள் மேப்ஸ்தான். வழிகாட்டலைத் தொடங்கி, தேடல் பொத்தானை அழுத்தி ‘ஹோட்டல்’ என்று கொடுத்தால், போகிற பாதையை ஒட்டியவற்றைக் காட்டி, விலகிப் போக எத்தனை நிமிடம் கூடும் என்றும் சொல்லும். அங்கிருந்து விலையைத் தொட்டால் வேறு தளத்துக்குப் போகும். தேதியும் ஆள் எண்ணிக்கையும் அங்கே மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இந்த வேலை பக்கத்து இருக்கையில் இருப்பவருடையது. ஓட்டுகிறவர் தனியாக இருந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான்.

அன்றன்றைக்கு எடுக்கும் நாள்களில் நேரம்தான் எல்லாம். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது, மாலையில் எங்கே இருப்போம் என்று கணக்கிடுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டினால் கோடை நெரிசலுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். அந்த இடத்தைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் எத்தனை ரூம் காலி என்று பாருங்கள். ஐந்தாறுதான் என்றால் அங்கேயே எடுத்துவிடுங்கள். நிறைய இருந்தால் நான்கு மணி வரை பொறுக்கலாம். அதற்குமேல் தள்ளிப்போட்டால், மிஞ்சுவது யாரும் வேண்டாம் என்று விட்டவைதான்.

ஆப்பில் ‘காலி இல்லை’ என்றால் ஊரே நிரம்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சின்ன விடுதிகள் பல, மாலையானதும் அன்றைய இணைய விற்பனையை மூடிவிடும். உறுதி செய்யாத பதிவுகளை மாலை ஆறு மணிக்கு விடுவிக்கும் பழைய வழக்கமும் ஹோட்டல்களில் உண்டு; ஆறு மணி தாண்டி நேரடியாக போன் செய்தால் ரூம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. போனில் கேட்க வேண்டியவை: வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு, ரிசப்ஷன் எத்தனை மணி வரை, வண்டி நிறுத்த இடம் எங்கே, நமக்குத் தரும் அந்த ரூமிலேயே ஏசி இருக்கிறதா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விடுதியின் வசதிப் பட்டியலில் ஏசி என்று போட்டிருந்தாலும் அது வரவேற்பறையில் மட்டும் இருக்கலாம். கோடை மாத விமர்சனங்களைத் தனியாகப் பார்த்தால் இது தெரிந்துவிடும். வண்டி மேல் பெட்டி கட்டியிருந்தால் நிலத்தடி பார்க்கிங்கின் உயர வரம்பையும் கேளுங்கள். பல இடங்களில் அது இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும்.

தாமதமாகும் என்று தெரிந்தால் ரிசப்ஷன் மூடுவதற்கு முன்னால் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று இரவுப் பதிவில் முதல் இரவு வரவில்லை என்றால், மீதி இரண்டையும் சேர்த்து ரத்து செய்துவிடும் விடுதிகள் உண்டு. நள்ளிரவு தாண்டிய பிறகும் ரூம் இல்லை என்றால் தேதியில் ஏமாந்துவிடாதீர்கள்: 12:30 மணிக்கு ஆப்பின் நாள்காட்டியில் ‘இன்று’ என்று இருப்பது அடுத்த இரவு. அதை எடுத்துவிட்டுப் போய் நின்றால் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆப்பை மூடிவிட்டு, 24 மணி நேர ரிசப்ஷன் உள்ள ஹோட்டலுக்கு போன் செய்து, ‘இப்போது வந்து காலையில் கிளம்புகிறோம்’ என்று அந்த இரவின் தேதியைச் சொல்லியே கேளுங்கள். அப்படி ஒன்று தென்படாவிட்டால் தெரியாத சாலையில் முன்னால் போகாமல், கடந்து வந்த பெரிய சந்திப்புக்குத் திரும்பிவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்கும் ஹோட்டலும் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள இடம் அதுதான்.