ஐபோன் படங்களோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு: மயிலாடுதுறை அனுபவம்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காக நியூ ஜெர்சியிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். விசேஷம் திருக்கடையூரில், தங்கியது மயிலாடுதுறையில். கோயில் ஏற்பாடு, சாப்பாடு, வண்டி எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். போனில் எடுத்த படங்களை ஊரில் பிரிண்ட் போடுவது, விண்ணப்பத்தில் ஏற்றுவது பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நம்மில் பாதிப் பேர் கையில் ஐபோன் இருப்பதால் எழுதுகிறேன்.

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. எல்லாக் கணினியிலும் திறக்கும் வழக்கமான ஜேபிஜியில் பாதி இடம்தான் எடுக்கும், தரமும் குறையாது. ஆனால் ஊரில் பல கடைகளில் இன்னும் விண்டோஸ் 7, 2002இல் வந்த போட்டோஷாப் 7. அவை இந்த ஃபைலைத் திறக்காது. விண்டோஸ் 10, 11இலும் இதற்கு இரண்டு துணை மென்பொருள் வேண்டும். ஒன்று இலவசம், இன்னொன்றை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். கடைக்காரர்கள் எத்தனை பேர் வாங்குவார்கள்?

அதனால் எங்கே போனாலும் முதலில் கேட்கும் வார்த்தை, "சார், வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்களேன்." வாட்ஸ்அப் படத்தை ஜேபிஜியாக மாற்றித்தான் அனுப்பும், உண்மை. கூடவே, வழக்கமான தரத்தில் அனுப்பினால், 4032 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தை 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அது போதும். கல்யாண ஆல்பத்தின் 18 அங்குலப் பக்கத்துக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். எண்பது வயதில் ஒரு முறை நடக்கும் விசேஷத்தை அப்படி அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. சரி, டாக்குமெண்டாக அனுப்பலாமே என்றால், சுருங்காமல் போகும், ஆனால் ஹெச்இஐசியாகவே போய் நிற்கும்.

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கேபிள் போட்டு எடுக்கப் பார்த்தார்கள். கொஞ்சம் படம் வந்ததும், இணைத்த சாதனம் இயங்கவில்லை என்று கணினி சொல்லி நின்றுவிட்டது. கடைத் தம்பி கேபிளை மாற்றினார், போர்ட்டை மாற்றினார். மறுபடியும் அதே கதை. காரணம் கேபிள் இல்லை. ஐபோன் அமைப்புகளில் போட்டோஸ் பகுதியின் கடைசியில், கணினிக்கு அனுப்பும்போது தானாக மாற்றவா, அசலை அப்படியே அனுப்பவா என்று ஒரு தேர்வு இருக்கிறது. தானாக மாற்று என்று வைத்தால் போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபிஜி ஆக்கிக்கொண்டே அனுப்பும், நிறையப் படம் இருந்தால் நடுவில் திணறி நின்றுவிடும். அசலையே அனுப்பு என்று மாற்றியதும் அத்தனையும் ஒரே ஓட்டத்தில் வந்தன.

அப்புறம் ஸ்டுடியோக்காரர் செய்த வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கணினியைத் தொடாமல், மகனுடைய லேப்டாப்பில் புது போட்டோஷாப்பைத் திறந்து மொத்தமாக ஜேபிஜி ஆக்கினார். ஆக்கும் முன் அம்மாவின் அரக்குப் புடவை இருந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கி, "இதுல கலர் ப்ரொஃபைல் வேற சார், அப்படியே லேபுக்குப் போனா சிவப்பு செத்துடும்" என்றார். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற வரம்பில் பதிவாகின்றன. அச்சு லேப்கள் எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற வரம்பை எதிர்பார்க்கின்றன. மாற்றாமல் அனுப்பினால் அரக்கு மங்கிப் பழுப்பாகும். அவர் முறையாக மாற்றி, இரண்டு மாதிரிப் பிரதிகளை அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஜரிகை ஓரம் வரை வித்தியாசம் தெரிந்தது. மாற்றிக் கொடுத்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. வெளிநாட்டில் நான் படம் கொடுத்த எந்தக் கடையிலும் இவ்வளவு அக்கறையைப் பார்த்ததில்லை.

அக்கா மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போன இடம் நேர்மாறு. அந்தத் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் விண்ணப்பத்துக்குப் படம் 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கேபிக்குள். கையெழுத்து 140க்கு 60, 10 முதல் 20 கேபிக்குள். ஒரு பிரவுசிங் சென்டரில் என் போனில் எடுத்த படத்தின் பெயரில் ஹெச்இஐசியை அழித்து ஜேபிஜி என்று அடித்து ஏற்றினார்கள். ஏறவில்லை. ஃபைலின் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறாதே. ஃபைல் எந்த வகை என்பதைச் சொல்வது தொடக்கத்தில் இருக்கும் அந்த பைட்டுகள்தான். அடுத்து, தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு மாற்றும் தளத்தில் அவளுடைய படத்தையும் கையெழுத்தையும் ஏற்றப் போனார்கள். "வேண்டாம் மாமா, வேற கடைக்குப் போலாம்" என்று அவளே எழுந்துவிட்டாள். சரியாகச் செய்தாள். ஒரு பெண்ணின் முகமும் கையெழுத்தும் சேர்ந்து, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத சர்வருக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே இருந்த அக்கா, "போன்லயே மாத்திடலாம் தம்பி" என்றார். படத்தை ஃபைல்ஸ் ஆப்பில் சேமித்து, அழுத்திப் பிடித்தால் வரும் விரைவுச் செயல்களில் படத்தை மாற்று என்பதைத் தொட்டால் ஜேபிஜி தயார். இணையமே வேண்டாம். பிறகு பெயிண்டில் வெட்டி அளவு சரிசெய்தார். கையெழுத்து பின்னணி இல்லாத பிஎன்ஜி என்ற வேறொரு பட வடிவத்தில் இருந்தது. அதை ஜேபிஜி ஆக்கினால் சில மென்பொருளில் பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும். அவர் முதலிலேயே வெள்ளையை அடியில் போட்டுவிட்டுத்தான் மாற்றினார். முப்பது ரூபாய் வாங்கினார். நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே அமைப்புகளில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' (பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்) வகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபிஜிதான். போனில் இடம் கூடுதலாகப் போகும், திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே எடுத்த படங்கள் அப்படியே இருக்கும், புதிதாக எடுப்பவற்றிலும் நிற வரம்பு பி3தான், ஆகவே ஆல்பத்துக்குக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அசல்களை அழிக்காதீர்கள். ஜேபிஜியைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் இறங்கும்.

கடையை விட்டு இறங்கும் முன், டெஸ்க்டாப்பில் இருக்கும் உங்கள் ஃபைல்களை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடை அக்கா கேட்காமலேயே செய்தார். மற்ற இடங்களில் கேட்டதும் செய்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.