கோடை இடிமழை எச்சரிக்கைச் செயலி: ஒரு பருவப் பயன்பாட்டிற்குப் பின்

கடும் வெயிலை அடுத்து வரும் இடிமழையை முன்கூட்டியே அறிவிக்கும் ஒரு கைப்பேசிச் செயலியை இந்தக் கோடை முழுவதும் பயன்படுத்தி வந்தேன். முகப்பில் தெரியும் மின்னல் படத்தை மட்டும் நம்பியிருந்தால் பல நாள்கள் ஏமாந்திருப்பேன். உள்ளே இருக்கும் ரேடார் பக்கத்திற்காகவே இதை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறேன்.

வெயில் கொளுத்தினால் மாலையில் இடி இடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் வெப்பம் மட்டும் போதாது; தரையை ஒட்டிய காற்றில் ஈரப்பதமும், அதை மேலே உந்தித் தூக்கும் விசையும், உயரம் கூடக்கூட விரைந்து குளிரும் வளிமண்டலமும் சேர வேண்டும். இடையில் வெப்பக்காற்று ஒரு மூடிபோல் படிந்திருந்தால், நாள் முழுவதும் புழுங்கிவிட்டு ஒரு துளிகூட விழாமல் போகலாம்; அதே மூடி பிற்பகலில் உடைந்தாலோ, அதுவரை தேங்கிய ஆற்றல் முழுவதும் ஒரே மூச்சில் வெளிப்பட்டு ஆலங்கட்டியும் சூறைக்காற்றுமாய் இறங்கும். இவ்வளவையும் செயலி '60 சதவீதம்' என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிடுகிறது. அந்த எண் மழைக்கான வாய்ப்பைக் குறிக்கிறதே தவிர, அதன் கடுமையை அன்று என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ரேடார் பக்கம் அப்படியன்று. தனித்த இடிமேகம் ஒன்று தோன்றி வளர்ந்து கலைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும் என்பதால், எந்தத் தெருவில் பெய்யும் என்பதை முந்தைய நாளே யாராலும் சொல்ல இயலாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் படத்தில் மேகத் திரள் நகரும் திசையைப் பார்த்து, துணிகளை எடுக்கவும் வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்தவும் எனக்குப் பலமுறை நேரம் கிடைத்தது. பேட்டரி சேமிப்பு இயங்கும்போது எச்சரிக்கை ஒலி வராது. அது சிறு குறை.

பெரிய குறை வேறு. மழை ஓய்ந்த உடனேயே 'ஆபத்து நீங்கியது' என்று செயலி அறிவித்துவிடுகிறது. மின்னலோ மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் தாக்கக்கூடியது. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பு விதி. இந்த அறிவிப்பைத் திருத்தும்வரை ஐந்தில் மூன்று நட்சத்திரங்களுக்கு மேல் என்னால் தர இயலாது.