கொடைக்கானல் ஈரத்துக்கு எது தாங்கும்: நாட்டுச் சுருட்டா, சிகாரா?

நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டுவிடுகிற புகைதானே என்று சிகாரை லேசாக நினைப்பவர்கள் உண்டு. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிலும் வரும். பழக்கம் இல்லாதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. இது தெரிந்தும், எப்போதாவது ஒரு சாயங்காலம் ஒன்றைப் பொறுமையாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்துவிட்ட பெரியவர்கள், அதுவும் பழனி மலைப் பக்கம் இருப்பவர்கள், எதை வாங்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

நமக்குக் கைக்கெட்டுவது மூன்று வகை. கீழே திண்டுக்கல், திருச்சி உறையூர் பக்கம் சுற்றுகிற நாட்டுச் சுருட்டு ஒன்று. நிகரகுவா, டொமினிக்கன் குடியரசு, கியூபா போன்ற நாடுகளில் கையால் சுற்றி வருகிற சிகார் இன்னொன்று. மூன்றாவது, தகர டப்பாவில் அடைத்து வரும் சின்ன உலர் சிகார், டச்சுக்காரர்கள் பாணி. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு பெருமாள்மலை வீட்டில் வைத்துப் பிடித்து வருகிறேன். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம் இருக்கும். அந்தச் சாய்வுக்கு ருசி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இந்த மலையின் ஈரம்.

நாட்டுச் சுருட்டை முதலில் பார்த்துவிடலாம். புகையிலை திண்டுக்கல் மண்ணில் ஊறிப்போன பயிர். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே நடத்தியது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சிக்கென்றே தொடங்கிய ஒரு நிலையம் இருக்கிறது. நம் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் சுருட்டு இல்லாமல் ஆகாது. இத்தனை உரிமை உள்ள பொருளை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது கடினமான வாசல். காரம் அதிகம், நிகோடின் சட்டென்று தலைக்கு ஏறும். பழகாத ஆள் பாதிச் சுருட்டில் வியர்த்து உட்கார்ந்துவிடுவார். விலை மலிவு, வெட்டத் தேவையில்லை, வத்தலக்குண்டு பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். இவையெல்லாம் அதன் பலம். பழகியவர்களுக்கு அந்தக் காரம்தான் வேண்டும் என்பதும் நியாயமே.

உலர் சிகார் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், தனிப் பராமரிப்பு வேண்டாம், டப்பாவை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கலாம். நான் அதைக் கொஞ்சம்தான் பிடித்திருக்கிறேன். எனக்குக் காகிதம் மாதிரி வறண்ட ருசியாகப் பட்டது. வேறொருவருக்கு அது பிடித்துப்போகலாம்.

கையால் சுற்றிய சிகாரில் மூன்று அடுக்கு: உள்ளே நீள இலைகள், அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு கட்டு இலை, மேலே அழகான போர்வை இலை. இலை முழு நீளத்துக்கு ஓடுவதால் நிதானமாக எரியும், சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்கும், புகையும் சூடு குறைந்து வரும். முதல் தடவை வாங்குபவர் வெளிர் பழுப்பு நிறத்தில் கனெக்டிகட் போர்வை போட்டதைக் கேளுங்கள். அது மென்மையான ரகம். அளவில் பெட்டிட் கொரோனா என்கிற சின்ன அளவு போதும். ரோபுஸ்டோ என்றால் ஐந்து அங்குல நீளம், 50 ரிங், முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரிங் என்பது குறுக்களவு, ஓர் அங்குலத்தை 64 பாகமாக்கிச் சொல்வது. கியூபா சிகார் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை, அதனால் அதற்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கண்ணாடி மூடி போட்ட கொஹிபா என்கிற கியூபா சிகார்ப் பெட்டியை யாராவது சல்லிசாக நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள், அது போலி.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை மலையில் எதை வாங்குவது என்பதை முடிவு செய்வதே இதுதான்.

சிகாருக்கு 18 முதல் 21 டிகிரி வெப்பமும், 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பார்கள். மதுரையிலோ சென்னையிலோ வைத்திருப்பவருக்கு வெப்பமே பெரிய தலைவலி. 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியும், வண்டு குண்டூசித் துளை போட்டு வெளியே வரும். அதற்குப் பயந்து அங்கே குளிர்பெட்டி வாங்குகிறார்கள். இங்கே கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் அந்தச் செலவு கிடையாது, மலையே பார்த்துக்கொள்கிறது. கீழிருந்து வெயிலில் காரில் கொண்டுவந்தது என்றால் மட்டும், உறையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரிலும் ஒரு நாள் ஃப்ரிட்ஜிலும் வைத்து எடுத்துவிட்டால் நிம்மதி.

நமக்குப் பிரச்சினை ஈரம். ஐப்பசி கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். அலமாரித் துணியில் வாசம் ஏறும், தீப்பெட்டி பதத்துப்போகும். அந்தக் காற்றில் திறந்து வைத்த சுருட்டுக்கட்டு இரண்டே நாளில் நமுத்துவிடும். அதனால்தான் மலைவீட்டுப் பெரியவர்கள் சுருட்டுக்கட்டை அடுப்பு மேட்டில் செருகி வைப்பார்கள். சுருட்டுக்கு அது சரி. சிகாரை அங்கே வைத்தால் போர்வை இலை காய்ந்து விரிசல் விட்டு உரிந்துவிடும். ஈரம் ஏறிய சிகாரோ இழுக்கவே வராது, கசக்கும், அடிக்கடி அணையும். உள்ளிலை ஊதிப் போர்வை வெடிக்கும். மேலே வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ மயிர் மாதிரி பூத்திருந்தால் பூஞ்சைதான். அது எரிகிற முனைக்குள்ளும் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எங்கே கேட்டாலும் ஸ்பானிஷ் சிடார் மரப்பெட்டி வாங்கச் சொல்வார்கள். வறண்ட ஊருக்கு அது நல்ல யோசனை, ஏனென்றால் அங்கே பெட்டிக்குள் ஈரத்தைச் சேர்க்க வேண்டும். கொடைக்கானலில் வருஷத்தில் பாதி நாள் ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான் வேலை. மரப்பெட்டியின் மூடி வழியே வெளிக்காற்று மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நான் ரப்பர் வளையம் போட்ட, நாலு பக்கமும் பூட்டுகிற புது டப்பாவைத்தான் சிபாரிசு செய்வேன். அதற்குள் 65 சதவீத ஈரத்துக்கென்று எண் போட்ட போவேடா கம்பெனிப் பொட்டலம் ஒன்று. ஈரம் கூடினால் அது உறிஞ்சும், குறைந்தால் விடும். 60 கிராம் பொட்டலம் 25 சிகார் வரை தாங்கும். விரலால் அழுத்திப் பாருங்கள்: மொறுமொறுவென்று கட்டியானால் வறண்டுவிட்டது, மாற்ற வேண்டும். தண்ணீர்ப் பை போலத் தளதளத்தால் டப்பாவில் எங்கோ காற்று புகுகிறது. மாசி பங்குனியில் காற்று வறளும்போதும் அதே பொட்டலம் காப்பாற்றும். மழை மாதத்தில் டப்பாவை வெயில் வந்த மதிய நேரத்தில் மட்டும் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுவது என் வழக்கம்.

உள்ளே வைக்கும் ஈரமானியை நம்பும் முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பு, நனைகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், இரண்டையும் ஈரமானியோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் அடைத்து ராத்திரி முழுக்க விட்டால் காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

அப்புறம் வாசனை. புகையிலை பக்கத்தில் இருக்கும் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். நம் வீடுகளில் யூகலிப்டஸ் தைலமும் பூம்பாறைப் பூண்டும் இல்லாமல் இருக்காது. டப்பா அவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். நாட்டுச் சுருட்டையும் அதே டப்பாவில் போடாதீர்கள், அதன் நெடி மற்றதெல்லாம் மேல் ஏறிவிடும்.

பற்றவைப்பதிலும் மலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சீறி எரிகிற டார்ச் லைட்டர் இந்த உயரத்தில் பல நேரம் பற்றாது, காற்றழுத்தம் குறைவு. சாதாரண கேஸ் லைட்டரோ நீளமான தீக்குச்சியோ நல்லது. குச்சியின் மருந்து முழுதும் எரிந்த பிறகு கொண்டுபோங்கள். மூடிய முனையை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, மறுமுனையைத் தீயில் படாமல் மேலே காட்டி ஓரம் முழுக்கச் சிவக்க விடுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், வாயில் வைத்து வெளியே விட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. ஒரு மலைவாழைப்பழமும் கருப்பட்டி போட்ட தாண்டிக்குடிக் காபியும் இருந்தால் தலைசுற்றல் குறையும். வந்தாலும் இனிப்பு கொஞ்சம் உதவும் என்பார்கள்.

பொது இடத்தில் 2008 அக்டோபர் 2 முதல் தடை, அதனால் ஏரிக்கரையை மறந்துவிடுங்கள். மாசிக்கு மேல் சருகு காய்ந்திருக்கும், சோலைப் பக்கம் பற்றவைக்கவே கூடாது. வீட்டுத் திண்ணைதான் இடம். சிகாரை நசுக்கி அணைக்காமல் சாம்பல் கிண்ணத்தில் விட்டால் தானே அணையும், பிறகு தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

விலைதான் சிகாரின் பலவீனம். ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், மேலேயும் போகும். அதனால் முதலிலேயே முழுப்பெட்டி வாங்காமல், ரகத்துக்கு ஒன்றாக நாலு வாங்கி, டப்பாவில் இரண்டு வாரம் ஊறவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். நாலுக்கும் காரம் போதவில்லை என்று தோன்றினால், திண்டுக்கல் சுருட்டு இருக்கவே இருக்கிறது. அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.