ரீஃப் டேங்கில் பாஸ்பேட்: காரைக்குடி வீட்டில் மூன்று வருட ஓட்டம்

எங்களுடையது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்). சம்ப்போடு (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் தண்ணீர். பாஸ்பேட்டைக் குறைக்க மூன்று வருடத்தில் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்), லாந்தனம் குளோரைடு (பாஸ்பேட்டைப் படிவாக்கும் திரவம்), சம்ப்பில் கீட்டோ பாசி மூன்றையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டை இறக்குவது சுலபம். இறங்கிய இடத்தில் நிற்க வைப்பதுதான் பாடு, காரணம் பாறை. சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையக் குறைய வெளியே விடும். இன்று 0.20-லிருந்து 0.05 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 0.05 மி.கி.) இறக்கினால் நாலே நாளில் 0.15 காட்டுவது இதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு. 200 லிட்டரில் 0.15 பிபிஎம் என்பது வெறும் 30 மில்லிகிராம் பாஸ்பேட். மீன் உணவு டப்பாவில் பாஸ்பரஸ் 1% என்று போட்டிருந்தால், 1 கிராம் உணவிலேயே 10 மி.கி. பாஸ்பரஸ், அதாவது கிட்டத்தட்ட 30 மி.கி. பாஸ்பேட் இருக்கிறது. ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) பாசியும் ஒரு பங்கை எடுத்துவிடும், மீதி பாறைக்குத்தான். உறைந்த மைசிஸை (சிறு இறால் போன்ற மீன் உணவு) டீ வடிகட்டியில் போட்டு ஆர்ஓ தண்ணீரில் அலசுவது நல்ல பழக்கம், ஆனால் பாஸ்பேட்டில் பெரும்பங்கு சதைக்குள்ளேயே இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

அளக்க ஹன்னா எச்ஐ736 என்ற கையடக்கக் கருவி போதும். அது காட்டுவது பாஸ்பரஸ், பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில். 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும்: 15 காட்டினால் 0.046 பிபிஎம் பாஸ்பேட். குப்பியில் விரல் ரேகை இருந்தாலோ, பொடி முழுக்கக் கரையாவிட்டாலோ, உள்ளே குமிழி ஒட்டியிருந்தாலோ எண் தாறுமாறாகப் போகும். இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்டி, பனியன் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

நாள்பட நம்பகமானது ஜிஎஃப்ஓ. செம்மண் கலங்கலாக வரும் தூள் தெளியும்வரை ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவில் தொடங்குங்கள். ரியாக்டரில் (மணிகள் ஊடே தண்ணீரைப் பம்ப் செய்யும் குழாய்) மேல்மட்ட மணிகள் லேசாக அசைந்தால் போதும், உலை கொதிப்பது போலக் குதித்தால் அரைபட்டுத் தூளாகி டேங்குக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை ரியாக்டரிலிருந்து வெளிவரும் தண்ணீரின் பாஸ்பேட்டையும் அளந்து பாருங்கள், டேங்க் அளவுக்குச் சமமாகிவிட்டால் மாற்றும் நேரம். கேஹெச்சும் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) இறங்கும், அதையும் பாருங்கள். நாள் முழுக்க கரண்ட் போயிருந்தால், ரியாக்டருக்குள் தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும்.

லாந்தனம், பாஸ்பேட் 0.5-க்கு மேல் ஏறிப்போன டேங்குக்கு மட்டும். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கலந்து, 10 மைக்ரான் வடிபைக்குள் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெள்ளைப் படிவு பைக்குள்ளேயே நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் முதலில் மூச்சு வாங்குவது டாங் வகை மீன்கள். எங்களுக்கு இது பிடித்த வழி இல்லை.

இனி நம்மூர் விஷயம்: ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக எதை ஊற்றுவது. ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்து அண்டாவில் பிடிக்கிற மழைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், பறவை எச்சமும் சருகும் ஊறிய தண்ணீர் அது. குடிக்கிற ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் அதுவும் ஆகாது, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தே தருகிறது. கடைசியில் டிஐ ரெசின் (மிச்ச அயனிகளை நீக்கும் மணிகள்) வைத்து டிடிஎஸ் 0 வந்தால் மட்டும் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் ஃபேன் ஓடும் டேங்கில் ஆவியாகி நாளுக்கு 5 லிட்டர்கூடக் குறையும். தண்ணீர் போகும், அதில் வந்த அழுக்கு உள்ளேயே தங்கும். முற்றத்து வெயில் நேராக விழும் தாழ்வாரத்தில் வைத்தால் பாஸ்பேட் 0.05-லும் பச்சைப் பாசி வரும், உள் அறையே சரி. (உப்புத் தண்ணீர் சொட்டி ஆத்தங்குடிக் கல் பூத்துவிட்டால் போகாது, ஸ்டாண்டுக்கு அடியில் தட்டு வையுங்கள்.)

பாஸ்பேட் இலக்கு 0.03 முதல் 0.10 வரை. 0-க்கு இறக்க ஆசைப்படாதீர்கள். பவளம் வெளிறும், மணலில் குமிழியோடு பழுப்புச் சளியாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) படரும். அப்படி ஆனால் அன்றே ஜிஎஃப்ஓவைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, உணவைக் கூட்டுங்கள். நைட்ரேட்டும் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் காட்டும்.